இணையத்தளத்துக்கு இடம் தேடுவோம்

வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் குடும்பம் ஒன்று இணையத்தளம் அமைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தளம் குடியிருக்க இராப்பகலாய் இயங்கும் கணினியில் ஓர் இடம் வேண்டும். அதை வாடகைக்கு எடுக்கும் வகைகளை இன்று காண்போம்.

முதலாவது, பலரும் பகிரும் இடம். இது நாம் அறிந்த லயத்து வீடு போன்றது. எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். வாடகை குறைவு. ஆனால் பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் நமக்குத் தண்ணீர் குறையும். இரண்டாவதில், கணினி பொதுவானாலும் நமக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்படும். மூன்றாவது, முழுக் கணினியும் நமக்கே. இது பங்களா, வாடகையும் பராமரிப்பும் அதிகம். நான்காவதான 'மேக' முறையில் பல கணினிகள் சேர்ந்து சுமை தாங்கும். பெரும்பாலும் பயன்படுத்திய அளவுக்கே கட்டணம்.

சிறு வியாபாரத்துக்கு முதல் வகையே போதும். தீபாவளிக்கு வாங்குவோர் பெருகினால் மேல்வகைக்கு மாற வழியுண்டா என்று முன்கூட்டியே கேட்போம். "நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் இயங்கும்" என்பார்கள். அப்படியும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மணி நேரம் நின்றுபோகலாம்.

தளத்தின் பெயரை மட்டும் நம் பெயரிலேயே பதிவோம். தளத்தின் நகலையும் வீட்டில் வைத்திருப்போம். அப்போது இடம் சரியில்லையென்றால் வேறிடம் போகலாம். பெயர் பிறர் கையில் இருந்தாலோ, நாம் தேடிய வாடிக்கையும் அவர் கையில்தான்.