வீட்டுத் தச்சுக் கருவிகள்: தேர்வும் பராமரிப்பும்

பட்டுப்புழு வளர்க்கும் அன்பர்களுக்கு ஐந்தாம் பருவத்தின் இயல்பை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரித் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரு பருவத்திலேயே தின்கிறது. தழையின் பாரமும் புழுவின் பாரமும் அடுக்குகளின் மீது ஒருங்கே ஏறி நிற்கும் அந்த ஏழெட்டு நாட்களில்தான், என்றோ தளர்ந்துபோன ஒரு பொருத்து விட்டுக்கொடுக்கிறது. மாரண்டஹள்ளிப் பக்கத்தில் இவ்வாறு சாய்ந்த அடுக்கொன்றைத் தென்னங்கயிற்றால் தூணோடு கட்டி வைத்து, ஆசாரிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, இரவு முழுவதும் விழித்திருந்த ஒரு குடும்பத்தாரை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஆசாரி வந்தது மூன்றாம் நாள். அவர் செய்த வேலை கால் மணி நேர வேலை.

தறி வைத்திருப்போர் நிலையும் இதுவே. நாடா ஓடும் பலகையில் ஒரு சிம்பு கிளம்பினால் பாவு நூல் அறுகிறது. மிதிகட்டையின் துளை தேய்ந்தால் மிதி ஒரு பக்கம் இழுக்கிறது. பழுது அற்பமானது; ஆயினும் அது தீரும்வரை தறி நிற்கிறது, கூலியும் நிற்கிறது.

முற்காலத்தில் ஏரும் வண்டியும் மரத்தால் ஆனவையாக இருந்தமையால், ஊருக்கு ஒரு தச்சுப் பட்டறையாவது இருந்தது. அறுவடைக் களத்தில் ஆசாரிக்குரிய தானியம் தவறாமல் அளக்கப்பட்டது. டிராக்டரும் டயர் வண்டியும் வந்தபின் அப்பட்டறைகள் பல மூடப்பட்டன. அவ்வீட்டுப் பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போய்விட்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆகவே, சிறு பழுதுகளைத் தாமே தீர்த்துக்கொள்ளும் அளவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருவிப்பெட்டி இருத்தல் அவசியமாகிறது. அப்பெட்டியில் என்ன இருக்க வேண்டும், அதைக் கெடாமல் வைத்திருப்பது எவ்வாறு என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

கடைக்குப் போகுமுன் வேலையைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு உளிகள் அடங்கிய பெட்டி கண்ணுக்கு அழகாக இருக்கும். அவற்றுள் ஒன்பது ஒருநாளும் மரத்தைத் தொடாமலே துருப்பிடிக்கும். நம் வீடுகளில் மிகுதியாகப் பழுதாகும் பொருத்து, கழுந்து எனப்படும் நாக்கும் அது புகும் துளையும் சேர்ந்ததாகும். மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்கு என்பது தச்சரின் பழைய கணக்கு. அடுக்கின் கால் ஒன்றரை அங்குலக் கனமாயின் துளை அரை அங்குலம். அதை வெட்டுவதற்கு அரை அங்குல உளி. எனவே முதலில் வாங்க வேண்டியது அரை அங்குல உளியே. சிறு துளைகளுக்குக் கால் அங்குல உளியும், சீவிச் சமன் செய்வதற்கு ஓர் அங்குல உளியும் இருந்தால் பல ஆண்டுகளுக்குப் போதும்.

இவற்றோடு இரண்டு அங்குல அலகுள்ள இழைப்புளி ஒன்று, ரம்பம் ஒன்று, மூலைமட்டம் ஒன்று, கோடு கீறும் கட்டை ஒன்று, சுத்தியல் ஒன்று, கையால் சுற்றும் துளைக்கருவி ஒன்று, சாணைக்கல் ஒன்று. கொட்டாப்புளியை வாங்கவே வேண்டாம். நன்கு உலர்ந்த புளியமரத்தின் வைரத்தில் ஒரு துண்டு கிடைத்தால் அதுவே தலைமுறைக்கும் உழைக்கும். இரும்புச் சுத்தியலால் மரப்பிடி உளியை அடிப்பவர் ஓராண்டுக்குள் பிடி மாற்றுவார்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்கலாம். நேரான விளிம்புள்ள பலகையின் மீது அதை வைத்து ஒரு கோடு இழுத்து, பிறகு மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்திலிருந்து மற்றொரு கோடு இழுக்க வேண்டும். இரு கோடுகளும் ஒன்றாகப் படிந்தால் மட்டம் சரியானது. விரிந்தால் அந்த விரிவில் பாதி அளவு மட்டம் கோணலாக இருக்கிறது. விலை உயர்ந்த மட்டங்களும் இச்சோதனையில் தவறுவதுண்டு. கடைக்காரர் முகம் சுளித்தால் பொருட்படுத்த வேண்டாம்.

உளியின் குணம் அதன் எஃகில் இருக்கிறது. பளபளப்பைக் கண்டு வாங்குவதில் பயனில்லை. வெட்டுவாயருகில் நுண்ணிய அரம் ஒன்றை மெல்ல ஓட்டிப் பார்த்தால், அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் எஃகு மிருதுவானது, முனை நிற்காது. கண்ணாடியின் மேல் போவதுபோல் முற்றிலும் வழுக்கினால் மிகக் கடினமானது, முனை உதிரும். சிறிதே பற்றி, பெரும்பாலும் வழுக்க வேண்டும். ஊர்க் கொல்லர்கள் பழைய லாரியின் வில்பட்டையில் அடித்துத் தரும் உளிகள் பார்வைக்கு முரடாயினும், பதம் சரியாக வைக்கப்பட்டிருந்தால் நன்றாக உழைக்கின்றன. பழைய அரத்தை உளியாக அடித்துத் தருவதும் உண்டு. அதில் கரி மிகுதி, பதத்தைத் தணிக்காவிட்டால் ஓங்கிய அடிக்கு ஒடிந்துவிடும்.

நம் பாட்டனார் காலத்து ஆசாரிமார் ஷெபீல்டு முத்திரை பதித்த உளியைப் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அந்த ஷெபீல்டு எஃகுக்கும் நம் சேலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார். சேலம் வட்டாரத்து இரும்புக்கல்லைக் கொண்டு 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்க முற்பட்ட ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், பின்னர் தம் நாடு திரும்பி, எஃகு உருக்குகையில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அம்முறையால் ஷெபீல்டு ஆலைகள் பெருலாபம் அடைந்தன. ஹீத்துக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வழக்குகளே.

இனி, தீட்டுதல். கருவி வாங்குவோரில் பெரும்பாலோர் தவறுவது இங்குதான். மழுங்கிய உளி மரத்தை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய துளையில் கழுந்து இறுகி நிற்பதுபோல் தோன்றும். பாரம் ஏறியவுடன் தளரும். அடுக்கு சாய்வதன் தொடக்கம் பலவேளை மழுங்கிய உளியில் இருக்கிறது. அன்றியும், மழுங்கிய கருவியை மிகுந்த பலத்தோடு தள்ள வேண்டியிருப்பதால், அது வழுக்கும்போது அதே பலத்தோடு கையில் இறங்குகிறது.

ஒரு புறம் கரடும் மறுபுறம் நயமுமான கார்பரண்டம் சாணைக்கல் எல்லா இரும்புக் கடைகளிலும் கிடைக்கிறது. சென்னையில் 1954ஆம் ஆண்டு கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கப்பட்டதிலிருந்து இவ்வகைச் சாணைப் பொருள்கள் நம் மாநிலத்திலேயே செய்யப்பட்டு வருகின்றன. புதிய உளியானாலும் முதலில் அதன் மட்டமான பின்புறத்தைக் கல்லின்மீது தட்டையாக வைத்து, முனையை ஒட்டிய ஓர் அங்குலமாவது ஒரே பளபளப்பாகும்வரை தேய்க்க வேண்டும். இது ஒருமுறை செய்யும் வேலை. அரை மணி நேரம் ஆகலாம். இதைச் செய்யாமல் சரிவை மட்டும் தீட்டுவோர், தாளின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்ட முயலும் கத்தரிக்கோலை ஒப்பர்.

சரிவின் கோணம் எவ்வளவு? வேம்பு, மா, பூவரசு ஆகியவற்றுக்கு 25 பாகை. கருவேலம், புளி, நம் வறண்ட காடுகளின் ஆச்சா போன்ற வைர மரங்களுக்கு 30 பாகை. கோணமானி தேவையில்லை. சரிவின் நீளம் உளித் தகட்டின் கனத்தைப்போல் இருமடங்கு இருந்தால் அது 30 பாகை. இரண்டு மடங்கும் அதற்கு மேல் ஏறக்குறைய அரை மடங்கும் இருந்தால் 25 பாகையை நெருங்கும். சரிவைக் கல்லில் படிய வைத்து, மணிக்கட்டை அசைக்காமல், முனையின் மறுபுறத்தில் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை தேய்க்க வேண்டும். பிசிறு முனையின் முழு அகலத்துக்கும் எழ வேண்டும். பின்பு நயப்புறத்தில் அதையே செய்து, உளியைப் புரட்டிப் பின்புறத்தைத் தட்டையாக வைத்து நாலைந்து முறை இழுத்தால் பிசிறு உதிரும். பழைய தோல் வாரில் பத்துமுறை இழுப்பது மேலும் நன்று. கூர்மையைக் கட்டைவிரலில் சோதிக்க வேண்டாம். மிருதுவான மரத்தின் வெட்டுமுகத்தைச் சீவிப் பார்த்தால், நார் கிழியாமல் மெழுகுபோல் சீவினால் போதும்.

கல்லில் தேங்காயெண்ணெய் விடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது நாளடைவில் பிசினாகிக் கல்லின் கண்களை அடைக்கிறது. மார்கழிக் குளிரில் உறைந்தும் விடுகிறது. மண்ணெண்ணெயில் சிறிது இயந்திர எண்ணெய் கலந்து விடுவதே நன்று. கல்லின் நடுவில் பள்ளம் விழுந்தால், கண்ணாடித் தகட்டின்மீது உப்புத்தாளை விரித்து அதில் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். பள்ளமான கல் உளியின் பின்புறத்தை வளைத்துவிடும்.

மின்சாணையைப் பற்றி நம் சொந்த அனுபவம் ஒன்று. முனை உதிர்ந்த உளி ஒன்றை விரைவில் சீர்செய்யும் ஆசையால் மின்சாணையில் கொடுத்தோம். சாதாரண மின்சாணை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுகள் சுற்றுகிறது. நாலு நொடியில் முனையில் நீலம் படர்ந்தது. எஃகில் வெளிர்மஞ்சள் தோன்றுவது ஏறக்குறைய 220 பாகை செல்சியசில். நீலம் தோன்றுவது 290 பாகையளவில். அந்நீலம் கறையன்று, பதம் போனதன் அடையாளம். நீலம் ஏறிய பகுதி முழுவதையும் குளிர்ந்த கல்லில் தேய்த்துக் கழித்த பின்னரே அவ்வுளி மீண்டும் வேலைக்கு வந்தது. மின்சாணையைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமாயின், ஒவ்வொரு தொடுகைக்கும் பின் உளியைத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். கண்ணாடியணிந்து கண்ணைக் காத்துக்கொள்ளவும் வேண்டும்.

ரம்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். நார்ப்போக்கில் கிழிக்கும் ரம்பத்தின் பற்களுக்கு அரத்தை நேர்குறுக்காகவும், குறுக்கே அறுக்கும் ரம்பத்துக்குச் சற்றுச் சாய்வாகவும் போட வேண்டும். பற்கள் இருபுறமும் மாறிமாறிச் சாய்ந்து, அறுப்பின் அகலம் தகட்டின் கனத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மிகாமல் இருக்கட்டும். இன்று விற்கப்படும் ரம்பங்கள் பலவற்றில் பல்லின் நுனி கருநீலமாக இருக்கும். அவை ஆலையிலேயே கடினமாக்கப்பட்டவை. அவற்றில் அரம் ஏறாது. மழுங்கினால் எறிய வேண்டியதே. விலை குறைவு என்று அவற்றை வாங்குவோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சந்திரிகைக்கும் தட்டுக்கும் மூங்கில் வெட்ட ஒரு பழைய ரம்பத்தைத் தனியே ஒதுக்குவது நலம். மூங்கிலின் மேல்தோலில் மணற்சத்து இருப்பதால் நல்ல பற்களை அது விரைவில் தின்றுவிடும்.

நாடாப் பலகையில் சிம்பு கிளம்பிய இடத்தை உப்புத்தாளால் மட்டும் தேய்ப்பது போதாது. நார் படிந்து மீண்டும் எழும். இழைப்புளியின் அலகைத் தலைமயிர்க் கனமே வெளியில் நீட்டி, நார் சாயும் திசையில் இழைக்க வேண்டும். நாரின் போக்கு குழம்பிய இடத்தில், புதிதாக உடைத்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டினால் பட்டுப்போல் வரும். இது நம் ஆசாரிமாரின் கைமுறை. கையில் துணி சுற்றிக்கொண்டு செய்க.

மண்வெட்டிப் பிடி ஆடினால் இரவு தண்ணீரில் ஊற வைப்பது எல்லாரும் செய்வது. மறுநாள் இறுகியிருப்பதும் உண்மை. ஆனால் ஊறிப் பருத்த மரம் இரும்புக் கண்ணுக்குள் இடமின்றித் தன்னையே நசுக்கிக்கொள்கிறது; உலரும்போது முன்னிலும் சிறுத்துப்போகிறது. ஒவ்வொரு ஊறலும் பிடியை மேலும் தளர்த்துகிறது. நன்கு உலர்ந்த கருவேலம் பிடியை, நார் நுனிவரை நேராக ஓடும்படி பார்த்துச் செதுக்கி, கண்ணில் இறுக்கி ஆப்பு வைப்பதே நிலையான வழி.

கருவிகளை எங்கே வைப்பது என்பதிலும் நம் அங்கத்தினர் பலர் தவறுகின்றனர். வளர்ப்பு மனையின் மூலையில் இடம் இருக்கிறது என்று பெட்டியை அங்கே வைக்கிறார்கள். ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன் அம்மனையைச் சலவைத்தூள் கரைசலால் தொற்று நீக்குகிறோம். அதிலிருந்து எழும் குளோரின் இரும்பைத் தின்னும். ஒரே வளர்ப்பில் இழைப்புளியின் அடிப்புறம் செம்மண் நிறமாவதைக் காணலாம். பெட்டியை வீட்டில், தரையில் படாமல், உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கையின் வியர்வையைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் இரும்பை ஒருமுறை தடவ வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. மரப்பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. ஆனால் அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்திய பின்னரே எறிய வேண்டும்.

முடிவாக, அடுக்கின் கால்கள். எறும்பு ஏறாதிருக்க ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிறோம். காலின் வெட்டுமுகம் அத்தண்ணீரை உறிஞ்சி, இரண்டு மூன்று ஆண்டில் அடி மக்கிவிடுகிறது. அப்பகுதியை அறுத்து நீக்கி, வெட்டுமுகத்தில் உருக்கிய மெழுகை இருமுறை ஊற்றி ஊறவிட்டு, கிண்ணத்தின் நடுவே ஒரு கல்லை வைத்து அதன்மேல் காலை நிறுத்தினால் மரம் நனைவதில்லை. கரையானுக்கென்று கடைகளில் விற்கும் பூச்சி மருந்துகளை இக்கால்களில் தடவவே கூடாது. பட்டுப்புழுவும் பூச்சியே, அம்மருந்தின் சிறு வாடையும் அதற்கு நஞ்சு. புதிதாக வார்னிஷ் பூசிய சட்டங்களையும், வாடை முற்றிலும் நீங்கும்வரை வெளியில் காற்றாட வைத்திருந்து, அதன்பிறகே வளர்ப்பு மனைக்குள் கொண்டுசெல்ல வேண்டும்.