இந்த இசைக்கு என்ன பெயர் வைப்பது?
பண்ணைப்புரத்துப் பாடகரின் தனி இசைத் தொகுப்பு: கோர்ப்படியில் ஒரு வாக்குவாதம்

புனே, கோர்ப்படியில் ஞாயிறு மாலை என்றால் நாலு தமிழர்கள் ஒன்று கூடுவது வழக்கம். டீ வரும், ஊர்க்கதை வரும். போன மாதம் ஒரு ஞாயிறன்று சண்டையே வந்துவிட்டது. காரணம், ஒரு பழைய கேசட்!

ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வீட்டைக் காலி செய்துகொண்டு கோவையில் உள்ள மகனிடம் போகிறார். சாமான் கட்டும்போது பரண் மேல் கிடைத்ததாம். மும்பை மாதுங்காவில் இளவயதில் வாங்கியது. "யாராவது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள்" என்றார்.

கேசட்டின் பெயர் 'ஹவ் டு நேம் இட்?'. 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்று பொருள். இளையராஜா இசையமைத்து 1986-ல் வெளிவந்தது. சினிமாவுக்காகச் செய்தது அல்ல. பாட்டும் கிடையாது. பத்து இசைத் துண்டுகள். முன்னணி வயலின், வி.எஸ்.நரசிம்மன்.

சந்திக்காத இருவர்

இளையராஜா தேனி மாவட்டம் பண்ணைப்புரத்துக்காரர். அண்ணன் பாவலர் வரதராசன், கம்யூனிஸ்டு மேடைகளில் பாடி ஊர் ஊராகச் சென்றவர். அவரது குழுவில் சிறு வயதிலேயே சேர்ந்து பாடியவர், ஆர்மோனியம் வாசித்தவர் தம்பி. 1968-ல் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. பிறகு நடந்தது நமக்குத் தெரியும்.

சினிமாவில் கொடிகட்டிப் பறந்த நேரத்தில்தான் இந்தத் தனித் தொகுப்பைச் செய்தார். தியாகராஜருக்கும், ஜெர்மனி நாட்டு இசைமேதை பாக்குக்கும் காணிக்கை ஆக்கினார். பாக் இறந்தது 1750-ல். தியாகராஜர் பிறந்தது 1767-ல். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அந்த இருவரும் இந்தக் கேசட்டில் சந்திக்கிறார்கள். ஒரு துண்டுக்குப் பெயரே, 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்பதுதான்.

"சாம்பாரில் கேக்கா?"

கேட்டு முடித்ததும் முதலில் பொங்கியவர், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர். கர்நாடக இசை முறையாகக் கற்றவர். டிசம்பரில் சவாய் கந்தர்வ விழாவையும் விடமாட்டார். "ராகம் என்றால் ஒரே கோடாகப் போகவேண்டும். சுரத்தை அசைத்து, வழுக்கி, கமகத்தோடு பிடிக்கவேண்டும். பத்து வயலினைப் பக்கத்தில் நிறுத்தினால் அது எப்படி அசையும்? சாம்பாரில் கேக்கைப் போட்ட கதை" என்றார்.

டீசல் ஷெட்டில் வேலை பார்க்கும் பிட்டர் ஒருவர், கம்பம் பக்கத்துக்காரர். அவருக்குக் கமகமும் தெரியாது, பாக்கும் தெரியாது. "அந்த வயலின் தனியாக இழுக்கும் இடத்தில், எங்கள் ஊரில் இருட்டிய பிறகு தூரத்துக் காட்டில் யாரோ பாடுவது மாதிரி இருக்கிறது" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

பக்கத்து வீட்டு மராட்டிய நண்பர் சிரித்தார். "உங்கள் ஆள் ஒரே தண்டவாளத்தில் நாலு ரெயில் விடுகிறாரே" என்றார். அதுதான் சரியான விளக்கம் என்று எனக்குப் பட்டது. மேற்கத்திய இசையில் 'பியூக்' என்று ஒரு முறை உண்டு. ஒரு மெட்டு கிளம்பும். அது போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொரு வாத்தியம் அதே மெட்டை எடுத்துப் பின்னால் கிளம்பும். பிறகு மூன்றாவது. சிக்னல் பார்த்து இடைவெளி விட்டால் மோதாது. இந்தத் தொகுப்பில் ராஜா அந்த வேலையையும் செய்து பார்க்கிறார்.

வயலின் எங்கே இருந்து வந்தது?

பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. கணக்குப் பிரிவு நண்பரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கச்சேரியில் பக்கவாத்தியமாக வயலின் வாசிக்கிறார்களே, அது யாருடைய வாத்தியம்?"

நண்பரிடம் பதில் இல்லை. வயலின் ஐரோப்பாவில் இருந்து வந்தது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு பாலுஸ்வாமி தீட்சிதர், தஞ்சை வடிவேலு போன்றவர்கள் அதை நம் இசைக்குப் பழக்கினார்கள். அந்தக் காலத்தில் தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி. மராட்டியர்! ஐரோப்பிய பாணி பாண்டு வாத்தியக் குழுவை அரண்மனையிலேயே வைத்திருந்தவர். இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு நண்பர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

கணக்குப் பிரிவு நண்பரும் லேசில் விடவில்லை. "வயலினை நாம் மடியில் உட்காரவைத்து நம் பாஷை பேசவைத்தோம். இதில் யார் யார் பாஷையைப் பேசுகிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சில துண்டுகளில் இரண்டும் கலக்காமல் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான் எனக்கும் தோன்றியது. ஆனால் சேர்ந்துவிட்ட இடங்களில் எது தஞ்சை, எது ஜெர்மனி என்று பிரிக்க முடியவில்லை.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தைப் பார்த்தவர்கள் இந்த இசையைக் கேட்டிருப்பார்கள். பின்னணிக்கு இந்தத் தொகுப்பில் இருந்தே எடுத்தார்கள். ஆபீசுக்குப் போகும் ஒரு பெண், சொந்த வீடு கட்டப் படும் பாடுதான் கதை. நம்மைப் போன்ற சம்பளக்காரர்களின் கவலைக்கு இந்த இசை அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

அதே பண்ணைப்புரத்துக்காரர் 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் தமது சிம்பொனியை அரங்கேற்றினார். அதற்கான முதல் படிகளில் ஒன்று இந்தக் கேசட்.

கேசட் எங்கே?

சண்டை ஓய்ந்ததும் பெரியவர் கேசட்டை என் கையில் கொடுத்தார். "இங்கே வந்து 40 வருடம் ஆகிறது. நான் பேசும் தமிழில் பாதி மராத்தி என்று ஊரில் சிரிக்கிறார்கள். என் மராத்தியைக் கேட்டு இங்கே சிரிக்கிறார்கள். இந்தக் கேசட் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை" என்றார்.

அவர் கோவை போய்ச் சேர்ந்துவிட்டார். வாரம் ஒருமுறை போன் செய்கிறார். முதல் கேள்வி, "கேசட் யாரிடம் இருக்கிறது?" என்பதுதான்.

கணக்குப் பிரிவு நண்பர், "இன்னும் ஒருமுறை குறை கண்டுபிடித்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிப் போனார். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை!