மூழ்கி மேயும் பறவைகள்: தருமபுரியில் அன்றும் இன்றும்

தருமபுரிக்குக் கடலும் இல்லை, கடலோர வளைகுடாவும் இல்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து மூழ்கி மேயும் வாத்துக் கூட்டங்களைப் பார்க்க ஒடிசாவின் சில்கா ஏரி போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். ஆனால் நம் மாவட்டத்திலும் மூழ்கி இரை தேடும் பறவைகள் உண்டு: முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, நாமக்கோழி. அவை மூழ்கும் இடங்கள்தான் மாறிவிட்டன.

அன்று அவற்றுக்கு ஏரிதான் எல்லாம். நல்ல மழை பெய்து ஏரி கோடி போனால், அடுத்த கோடை வரை ஆழம் இருக்கும். கோடையில் உழவர்கள் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்ததால் அந்த ஆழம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. புள்ளிமூக்கு வாத்து கரையோரம் தலையைக் கவிழ்த்து மேயும். அதற்கு முழங்கால் தண்ணீர் போதும். முக்குளிப்பானுக்கு அது போதாது. அதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்தவை; நீருக்குள் துடுப்பாக உதவும், தரையில் நடக்க உதவாது. சிறுமீன், நீர்ப்பூச்சி, தலைப்பிரட்டை ஆகியவற்றைத் துரத்திப் பிடிக்க அதற்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். கெண்டையும் அயிரையும் குறவையும் இருந்த ஏரியில் அதற்குக் குறை இருக்கவில்லை.

இன்று பல ஏரிகளில் வண்டல் மேடிட்டுவிட்டது. வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன. உள்வாயில் சீமைக்கருவேலம் ஏறியது. ஊரை ஒட்டிய ஏரிகளில் சாக்கடை கலக்க, ஆகாயத்தாமரை நீரை மூடுகிறது. மூடிய நீரில் வெளிச்சம் இறங்காது, உயிர்வளியும் குறையும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் பறவை அங்கே மூழ்கிப் பயனில்லை. தாழைக்கோழியும் கொக்கும் அந்த இலைப்பாயின் மேல் நடந்து பிழைத்துக்கொள்கின்றன.

இழந்த ஆழம் வேறிடத்தில் கிடைத்தது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், 120 அடி உயரத்துக்குத் தேங்கும் காவிரி பென்னாகரம் பக்கத்து நாகமரை, ஒட்டனூர் வரை விரிந்தது. ஆற்றோட்டம் இருந்த பள்ளத்தாக்கில் வளைகுடா போன்ற நீர்ப்பரப்பு உருவானது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சப்பள்ளி சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி அணைகள் வந்தன. இரையும் மாறியது. வடநாட்டு ஆறுகளின் கட்லா, ரோகு குஞ்சுகளை அணைகளில் விட்டார்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க ஜிலேபி மீன் தானாகவே பெருகியது. ஆழமும் மீனும் சேர்ந்த இடத்தில் நீர்க்காகங்கள் வரிசையாக மூழ்கி மீனை வளைக்கின்றன. பட்ட மரங்களில் சிறகை விரித்துக் காயவைக்கின்றன.

ஆனாலும் அணை ஏரிக்கு மாற்றாகாது. பெரிய மீன் விழுங்கும் நீர்க்காகத்துக்கு அணை தோதானது. முக்குளிப்பானோ கோரைக்கு நடுவே மிதக்கும் கூடு கட்டுவது. அணையில் நீர்மட்டம் திடீரென ஏறி இறங்கினால் அந்தக் கூடு தங்காது. அதற்குச் சிற்றேரிதான் வீடு.

ஊர்கூடிச் செய்யும் குடிமராமத்தில் ஏரியைத் தூர்வாரும்போது தட்டையாக வழித்துவிடாதீர்கள். நடுவில் ஆழம், ஓரத்தில் சரிவு, ஒரு மூலையில் கோரை என்று விடுங்கள். ஆகாயத்தாமரையை வேரோடு அகற்றி, சாக்கடையை ஏரிக்கு முன்பே தடுத்து நிறுத்துங்கள். முக்குளிப்பான் மூழ்கும் ஏரி இருந்தால் உங்கள் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும்.