தேடுவதற்கும் கூலி உண்டு

விடிவதற்குள் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் லோடு இறக்க வேண்டிய குட்டி யானை, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை ஏற்றப் போகும் வேன், மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றுவிட்டு உழவுக்கு வெளியே வரும் டிராக்டர் என்று திண்டுக்கல் சமவெளியில் ஓடும் எந்த வண்டிக்காரரைக் கேட்டாலும் ஒரு கோளாறைப் பற்றிச் சொல்வார். ஒன்பது தடவை சாவி திருகினால் ஸ்டார்ட் ஆகும், பத்தாவது தடவை ஆகாது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடும். மெக்கானிக் நாலு தடவை திருகிப் பார்த்துவிட்டு, "பேட்டரி வீக்குண்ணே, மாத்திருவோம்" என்பார். மாற்றியதும் கொஞ்ச நாள் சரியாக இருக்கும். பிறகு மறுபடி அதே கதை. அடுத்து செல்ஃப் மோட்டார், அதற்கடுத்து ரிலே, கடைசியில் கீ செட். இதை மெக்கானிக்கின் அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். அது நியாயமும் இல்லை. சாமானுக்குக் காசு கொடுக்கிற நாம், கோளாறைத் தேடும் நேரத்துக்குக் காசு கொடுப்பதில்லை. விட்டுவிட்டு வரும் கோளாறோ, தேடினால்தான் அகப்படும்.

எந்திரத்துக்கு மூட் கிடையாது. ஸ்டார்ட் ஆகாத அந்த ஒரு தடவையில், மற்ற ஒன்பது தடவையில் இல்லாத ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது சூடாக இருக்கலாம். ஈரம், குலுக்கல், வண்டி நின்ற சரிவு, எத்தனை மணி நேரம் நின்றது என்பதாகவும் இருக்கலாம். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகி, ஓடிச் சூடேறி டீ குடிக்க நிறுத்திய இடத்தில் மறுத்து, அரை மணி கழித்துத் தானாகச் சரியாகும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் சென்சாரை. அதனுள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுற்று சூட்டில் விரிந்து அறுபட்டதுபோல் ஆகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, ராத்திரி முழுக்க நின்ற டீசல் வண்டி காலையில் மட்டும் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றாமல் முக்கினால், டீசல் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. டேங்கிலிருந்து டீசல் உறிஞ்சப்படும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு ஒரு ஈரமும் தெரியாது. ஃபில்டருக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு துண்டுக் குழாயை இணைத்துப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும். திண்டுக்கல்லில் ஒரு குறையும் இல்லாத வண்டி, மார்கழியில் கொடைக்கானலில் ஒரு ராத்திரி நின்றுவிட்டு விடியலில் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டு நிற்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். பேட்டரியின் உள்தகடுகளை அரித்தது கீழே அடித்த சித்திரை வெயில். 2,100 மீட்டர் உயரத்துக் குளிர் அந்தப் பலவீனத்தை வெளியே காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

செல்ஃபே எடுக்காத வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி எந்தப் பாகமும் இல்லை, பாகத்தைப் பாகத்தோடு சேர்க்கும் இடம். ஒரு டீசல் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 200 ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். வழியில் ஒரே ஒரு டெர்மினல் பூத்துப்போய், 0.01 ஓம் தடை ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒரு பங்கு ஓம். சாதாரண மீட்டரில் அது பூஜ்யம் என்றே காட்டும். ஆனால் 200 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது அந்த இடத்திலேயே 2 வோல்ட் காணாமல் போகிறது. சுற்றும் நேரத்தில் பேட்டரியே 10 வோல்ட் சொச்சத்துக்கு இறங்கியிருக்கும். அதிலும் 2 போனால் சொலினாய்டு பிடிப்பை விட்டுவிடக்கூடும், உடனே பாரம் குறைந்து வோல்ட் ஏறும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். நாம் கேட்கும் டக்கு டக்கு அதுதான். இதே இடத்தை டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும், ஏனென்றால் அந்தச் சின்ன பல்புக்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். கேபிளில் பல இழைகள் கறுத்துப்போய் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பல்பு எரியும். "கரன்ட் வருது" என்று சொல்லி அடுத்த பாகத்தைக் கழற்றப் போவது இந்த இடத்தில்தான் தவறாகிறது.

பார்க்க வேண்டிய முறை பட்டறைக்காரர் அறியாததும் இல்லை, கருவிக்குப் பெரிய செலவும் இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும். அதன்மேல் மாட்டியிருக்கும் கிளாம்பில் வைத்தால் கோளாறையே தாண்டிப் போய்விடுவோம். மறுமுனை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிள் வழியில் தடை இருக்கிறது. அதேபோல் நெகட்டிவ் குமிழிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு, இங்கே 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் பக்கத்தை நம் ஊரில் பார்ப்பவர்கள் குறைவு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே இருக்கும் எர்த் பட்டை செம்மண் தூசியும் ஆயிலும் ஏறி, போல்ட்டுக்கடியில் துருப்பிடித்துக் கிடந்தால், கரன்ட் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் பண்ணும்போது கிளட்ச் கேபிள் சுட்டால் செல்ஃப் மோட்டாரைத் தொடவே வேண்டாம். ராமேசுவரத்து விசைப்படகிலும் இதே பரிசோதனைதான். அங்கே உப்புக்காற்று இந்த அரிப்பை இன்னும் சீக்கிரம் செய்கிறது.

"பேட்டரி மாத்தினதும் சரியாச்சே" என்பது இதற்கு எதிராக வரும் வலுவான வாதம். அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் பேட்டரி மாற்றும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு கிளாம்பும் கழற்றப்படுகின்றன, சுரண்டப்படுகின்றன, புதிய குமிழில் இறுக்கி மாட்டப்படுகின்றன. செல்ஃப் மோட்டாரை இறக்கி ஏற்றும்போதும் அதன் கேபிள் லக்கும் பிளாக்கோடு அது உட்காரும் முகமும் தானாகச் சுத்தமாகிவிடுகின்றன. கோளாறைத் தீர்த்தது உப்புத்தாள், பெயர் வாங்கியது புது பேட்டரி. சில மாதத்தில் கிளாம்ப் மறுபடி தளர்ந்து பூக்கும்போது, "புது பேட்டரியும் சரியில்லை" என்ற முடிவுக்கு வருகிறோம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் மட்டுமே எது தீர்த்தது என்று தெரியும். அளக்காமல் மாற்றினால், கோளாறு போகாவிட்டாலும் நஷ்டம், போனாலும் நமக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

இது சின்னப் பட்டறைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் இக்னிஷன் சுவிட்ச் கோளாறுக்காக ஏறக்குறைய 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சுவிட்சுக்குள் சாவியைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்குக்கு இறுக்கம் போதவில்லை. கனத்த சாவிக்கொத்து தொங்கினாலோ வண்டி குழியில் குதித்தாலோ சாவி தானாக நழுவி ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்தது, ஏர்பேக்கும் செயலிழந்தது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. 2006-ல் அந்த உள்பாகம் திருத்தப்பட்டது, ஆனால் பாக எண் மாற்றப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் கலந்துவிட்டதால், சில ஆண்டுக் கார்களில் மட்டும் ஏன் கோளாறு என்று தேடியவர்கள் திணறினார்கள். பின்னால் ஒரு வழக்கில், இறந்தவரின் குடும்பத்துக்காகத் தேடிய பொறியாளர் பழைய சுவிட்சையும் புதிதாக வாங்கியதையும் பிரித்து அருகருகே வைத்து அளந்தார். வித்தியாசம் அப்போதுதான் வெளிவந்தது. எப்போது எதை மாற்றினோம் என்ற குறிப்பு இல்லாவிட்டால், விட்டுவிட்டு வரும் கோளாறு எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் அலையவிடும்.

இப்போதுள்ள பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஸ்கேனர் போதும் என்பவர்களும் உண்டு. கிராங்க் சென்சார் போன்றவற்றுக்கு அது உதவும். ஆனால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் எரர் கோடு எதுவும் ஸ்கேனரில் இல்லை. அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு: ஸ்டார்ட் பண்ணும் நொடியில் வோல்ட் மிகவும் இறங்கினால், சம்பந்தமே இல்லாத யூனிட்டுகள் ஆளுக்கொரு கோடு பதியும். அதை நம்பி ஒவ்வொரு சென்சாராக மாற்றினால் பழைய கதைதான், விலை மட்டும் கூடுதல்.

மிஞ்சுவது நேரம். பூ வாடும், தக்காளி அழுகும், வண்டியை இரண்டு நாள் பட்டறையில் விட முடியாது என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன இரண்டு அளவையும் எடுக்க அரை மணி போதும். நாள் பிடிப்பது கோளாறு வரும் வரை காத்திருப்பதுதான். அந்தக் காத்திருப்பை ஓட்டுநரே குறைக்க முடியும். ஸ்டார்ட் ஆகாத நேரம், எஞ்சின் சூடா ஆறியதா, செல்ஃப் சுற்றியதா, சத்தம் மட்டும் வந்ததா, டேஷ்போர்டு விளக்கு மங்கியதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்தால் பாதித் தேடல் முடிந்தது. மறுபாதிக்கு நாம் கூலி கொடுக்க வேண்டும். "பார்த்ததுக்கே காசா?" என்று கேட்கும் இதே ஊரில்தான், போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்கிறவருக்கு, தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமலே காசு கொடுக்கிறோம். மல்டிமீட்டர் வைத்துத் தேடுகிறவர் அதைவிடத் திட்டமான பதிலோடு வருவார். தேடலுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிட்டால் பாகத்தை விற்றுத்தான் கூலி எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கும் இல்லை. பில்லில் "எர்த் பக்கம் 1.4 வோல்ட், சுத்தம் செய்தபின் 0.1" என்று அவர் ஒரு வரி எழுதித் தந்தால், அடுத்த முறை வண்டி பழனியில் நின்றாலும் அங்குள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.