குழந்தை குறைந்தது, வீடு கூடியது

மக்கள்தொகைப் பெருக்கம் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை முடிந்துபோன கதை என்று பலர் நம்புகிறார்கள். நம்பக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க 2.1 வேண்டும். பெண்கல்வியும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் சேர்ந்து சாதித்தது இது, பெருமைப்படலாம்.

ஆனால் நிலத்தின் மேல் ஏறும் சுமையைத் தலைக்கணக்கு காட்டிக்கொடுக்காது. 2001க்கும் 2011க்கும் இடையில் மாநிலத்தின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அதே பத்தாண்டில் குடும்பங்களின் எண்ணிக்கை 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியானது, சுமார் 30 சதவீத உயர்வு. ஆட்கள் கூடியதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் குடித்தனங்கள் கூடின. ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் சமையலறை இரண்டு, ஆழ்துளைக் கிணறு இரண்டு, கழிவுநீர்த் தொட்டி இரண்டு, வாசலில் வண்டியும் இரண்டு. 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பழைய எண்களை வைத்துக்கொண்டே நகரங்களைத் திட்டமிட்டு வந்திருக்கிறோம்.

இந்தச் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பதற்குச் சென்னையே சாட்சி. 1901இல் சுமார் 5 லட்சம் பேர் வாழ்ந்த ஊர் இது. 2011இல் புறநகரோடு சேர்த்து 86 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாம்பலத்தின் நெடிய ஏரி 1920களில் தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணிக்கிறார்கள். 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது.

ஏரி சாகும் விதத்தைக் கவனிக்கவேண்டும். முதலில் அதன் நீரில் பாசனம் பெறும் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாக விலைபோகின்றன. பாசனம் இல்லையென்றால் மதகைத் திறப்பாரும் இல்லை, வரத்துக்காலைத் தூர்வாருவாரும் இல்லை. நீர் வராத கால்வாயின் மேல் தெரு போடப்படுகிறது. மேலேரியின் கலங்கல் வழிந்து கீழேரிக்குப் போகும் தொடர் இப்படி ஓரிடத்தில் அறுந்தால், அடைமழையில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுகிறது, கோடையில் கீழேரி வறண்டு கிடக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019 கோடையில் நகரின் குடிநீர் ஏரிகளான பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இடைவெளி நான்கே ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊருக்கு நேர்ந்த கதி இது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கைகொடுக்கின்றன என்பது உண்மை. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் திறந்த ஆலைகள் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தருவதற்காகக் கட்டப்பட்டவை. ஆனால் அவற்றுக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும், வெளியேறும் உவர்நீரும் கடலுக்கே திரும்புகிறது. அதே மீஞ்சூர்ப் பகுதியில், நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. சேர்க்கப்பட்டவை திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகள். ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த பழைய செங்கல்பட்டின் மண்ணில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிட்டது. இங்கே ஏரிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, பலவற்றுக்கு ஆயக்கட்டும் இருக்கிறது. அதனால்தான் எனக்கு அச்சம். ‘அப்ரூவ்டு மனை’ என்ற பலகை அங்கேயும் வயலோரம் முளைத்துவிட்டது. அந்த அங்கீகாரம் சாலையின் அகலத்தைச் சொல்லும். மழைநீர் எந்த வழியே வந்தது என்பதைச் சொல்லாது.

ஓடைப் புறம்போக்கும் வாய்க்கால் புறம்போக்கும் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டிலும் புலப்படத்திலும் இருக்கின்றன. மனை வாங்குவோர் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பட்டா நிலத்தின் குறுக்கே சரிவாக ஓடி ஏரியில் விழும் நீர், புறம்போக்குக் கணக்கில் வராது. வடகிழக்குப் பருவமழையின்போது ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்துபார்த்து, சர்வே எண்ணோடு வரைபடத்தில் குறித்தால்தான் உண்டு. பெருநகரின் அடுத்த முழுமைத் திட்டத்தில் மனைப்பிரிவுக்கு நிறம் தீட்டுவதற்கு முன் அந்த வரைபடம் தயாராகவேண்டும்.