மூச்சு முட்டும் வேளையில்

"ஒட்சிசனைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ மிஸ், அம்மா மூச்சு விட ஏலாமல் கிடக்கிறா."

மூதூர்ப் பக்கத்து மகள் ஒருத்தி, வைத்தியசாலையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று இப்படிக் கெஞ்சினாள். தாதி கூட்டவில்லை. "எங்கட ஆக்களெண்டா இவ்வளவுதான்" என்று என்னிடம் குமுறினாள். சந்தேகப்பட்டே பழகிய வாழ்க்கை எங்களுடையது. அவளை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அன்று தாதி செய்ததுதான் சரி.

அந்த அம்மா சுருட்டையோ சிகரெட்டையோ தொட்டவரல்லர். 2006இல் இடம்பெயர்ந்து, தகரக் கொட்டிலுக்குள் ஆண்டுக்கணக்காக ஈர விறகில் சமைத்தவர். ஊர் திரும்பிய பின்னரும் அதே அடுப்புத்தான். "பனிக்கு வாற முட்டு" என்று சொல்லியே நாட்களைக் கடத்தினார். உண்மையில் அது நாட்பட்ட சுவாசத்தடை நோய். அடுப்புப் புகையும் சுவாசக் குழாய்களைச் சுருக்கி, நுரையீரலின் காற்றறைகளைச் சிதைக்கும். அதன்மேல் ஒரு சளிக்காய்ச்சல் தொற்றினால் நோய் திடீரென உக்கிரமாகிவிடும்.

அந்த வேளையில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதே பெரும்பாடு. காபனீரொட்சைட்டு தேங்கி இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. நோயாளி அரைத்தூக்கத்தில் ஆழ்கிறார். "இப்ப அமைதியா நித்திரை கொள்றா" என்று வீட்டார் ஆறுதலடைகிறார்களே, அந்த நித்திரைதான் ஆபத்தானது. இவர்களுக்கு ஒட்சிசனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு இன்னும் ஏறும். அதனால்தான் விரலில் மாட்டும் கருவி 88 முதல் 92 வரை காட்டினால் போதுமென்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

மருந்துக்கும் ஒட்சிசனுக்கும் அடங்காதபோது, மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக மூடும் மாஸ்க் ஒன்றை மாட்டுவார்கள். மூச்சை உள்ளெடுக்கும்போது இயந்திரம் கூடிய அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். வெளிவிடும்போது சிறிதளவு அழுத்தத்தை வைத்துக் குழாய்கள் மூடாமல் காக்கும். களைத்த நெஞ்சுத் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கும். தொண்டைக்குள் குழாய் இல்லை. நிலைமை தேறியதும் இடையிடையே கழற்றித் தண்ணீர் குடிக்கலாம், பேசலாம்.

"மெசினில போட்டா ஆள் முடிஞ்சுது" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. 1995இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று இதற்குப் பதில் சொல்கிறது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற 42 பேரில் 31 பேருக்குக் குழாய் விடவேண்டி வந்தது, 12 பேர் இறந்தனர். மாஸ்க் சிகிச்சையும் பெற்ற 43 பேரில் குழாய் விடப்பட்டவர்கள் 11 பேர், இறந்தவர்கள் 4 பேர். ஆனாலும் எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கும் ஓயாமல் வாந்தியெடுப்பவருக்கும் குழாய்தான் தேவைப்படலாம். சில மணி நேரத்தில் இரத்தப் பரிசோதனை தேறாவிட்டாலும் அப்படியே. அடுத்து என்ன செய்வதென்று வைத்தியர் உங்களிடம் கேட்கும்போது, பயத்தில் தலையாட்டாமல் விளங்கும்வரை கேளுங்கள்.

முதல் ஒரு மணி நேரந்தான் கடினம். அந்த அம்மா மாஸ்கை இரண்டு தரம் பிடுங்கி எறிந்தார். பங்கருக்குள் மூச்சடக்கிக் கிடந்த நாட்கள் அவருக்கு ஞாபகம் வந்தனவாம். அதை மகள்தான் தாதியிடம் எடுத்துச் சொன்னாள். பிறகு தாதி பட்டியைப் பூட்டாமல், மாஸ்கைக் கையால் பிடித்தபடி பக்கத்தில் இருந்து பழக்கினார். மகளையும் உள்ளே விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இத்தகைய பழைய விடயங்களைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், சகோதரிகளே. அவையும் சிகிச்சைக்கு உதவும்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாத இளைப்பு, உதடும் நகமும் நீலம் பாரித்தல், தடுமாறிய பேச்சு, எழுப்பினாலும் சரிகிற நித்திரை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இலவச அம்புலன்சுக்கு 1990. (அந்த இலக்கம் எங்களுக்கு வேறொரு ஆண்டை ஞாபகப்படுத்தும், ஆனால் அழைத்தால் வருகிறார்கள்.) கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு, திருகோணமலைக்கு வர லோஞ்சை நம்பியிருக்கத் தேவையில்லை.

அம்மா ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். பம் இழுக்கும் முறையைக் கிளினிக்கில் பழக்கி அனுப்பினார்கள். மகள் அடுப்பைக் கொட்டிலுக்கு வெளியே தூக்கி வைத்து, சமையலையும் தானே பொறுப்பெடுத்துவிட்டாள். ஊதுகுழலையும் ஒளித்து வைத்திருக்கிறாள். அம்மா இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.