திருப்புளியின் முனை ஏன் முறுக்கிக்கொள்கிறது?

துருவேறிய ஸ்குரூவில் ஒரு திருகு. புதுத் திருப்புளியின் முனை முறுக்கிக்கொள்கிறது. சில முனைகள் பொட்டென்று உடைகின்றன. இரண்டுக்கும் பெரும்பாலும் பதம் தவறியதே காரணம்.

நல்ல குரோம் வனேடியம் எஃகை ஏறத்தாழ 850 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, எண்ணெயில் சட்டென்று குளிர்விப்பார்கள். இரும்பணுக்களுக்கு இடையே கார்பன் சிக்கிக்கொள்வதால் எஃகு கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அதனால் 200 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கி, அந்த இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும். மலிவுச் சரக்கில் கார்பன் போதாது, அல்லது இந்த இரண்டாம் சூடு ஒழுங்காக நடந்திருக்காது. மேற்பூச்சின் பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். முனை நழுவினால் கிழிவது உள்ளங்கை; இது சின்ன விஷயமல்ல.

வாங்கியதும் முனையில் அரத்தை உரசிப் பாருங்கள். சுலபமாகத் தேய்ந்தால், அதை நம்பி வேலையில் இறங்காதீர்கள்.